கிழவர் தரும் மௌசரும் புதுக் குழலும்

இணுவில் தம்பிக்கு,

நோர்வேக்கு வந்து மூன்று வருடம், வேலையிடத்துக்காரர் எல்க் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், அவர்களில் ஒரு கிழவர் குழல் தேய்ந்த தன் பழைய மௌசர் துவக்கைச் சும்மாவே தருகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர். அதற்குப் புதுக் குழல் போடுவதா, இன்றைய ஆக்‌ஷன் ஒன்றை, அதாவது குழல் பூட்டும் உடலும் ரவையை அடைக்கும் போல்ற்றும் சேர்ந்த பாகத்தை, வாங்கி அதில் கட்டுவிப்பதா என்பது உமது கேள்வி.

நான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து கொக்குவிலில் நிற்கிறேன். துவக்குப் பற்றி இங்கே உரத்துக் கதைக்க ஏலாது. முதல் வேட்டைப் படத்தை வீட்டுக்கு அனுப்பியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏன் மோனே, அதுக்குப் பயந்துதானே ஓடிப் போனனீ?" இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் துவக்கு புதிய ஆக்‌ஷனாகவே இருக்கட்டும். பழைய ஒஸ்டின் ஏ40 காருக்கு வேறு எஞ்சின் பூட்டி ஓடினவர்களை ஊரில் பார்த்திருப்பீர். கார் ஓடும். செலவைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் அந்தச் சாதிதான்.

மௌசர் 98 மோசமான சாமான் இல்லை. 1945இல் ஜெர்மன்காரர் விட்டுப்போன கே98 துவக்குகளுக்கு (மௌசர் 98இன் இராணுவ வகை) .30-06 ரவைக்கான குழல் போட்டு நோர்வே இராணுவமே பாவித்தது. அகலமான நகம் ரவையைப் பெட்டியிலிருந்து எழும்பும்போதே பிடித்துக்கொள்ளும், கை நடுங்கினாலும் சிக்காது. போல்ற்றை உடலில் பூட்டிப் பிடிக்கும் இரண்டு முன்காதுகளோடு, பின்னால் மூன்றாவதாக ஒரு காப்புக் காதும் உண்டு. ரவையின் அடி வெடித்தால் வாயுவை முகத்துக்கு வராமல் திருப்பிவிடும் அமைப்பும் அதில் இருக்கிறது. ஸ்வீடன்காரரின் 1896 மௌசரில் இந்த மூன்றாவது காது இல்லை. நோர்வேயின் பழைய கிராக் துவக்கில் முன்காதே ஒன்றுதான். அவை இரண்டும் 6.5x55 ரவையோடு நிற்கட்டும், வேகமான புது ரவைகளுக்கு வேண்டாம்.

செலவு வருவது குழலால் அல்ல, மற்றதுகளால். இராணுவ மௌசரில் தொலைநோக்கி பூட்ட மேலே துளை போடவேண்டும், போல்ற்றின் கைபிடியைத் தொலைநோக்கியில் முட்டாதபடி வளைக்கவேண்டும், மேலே எழும்பும் காப்புப் பூட்டை (சேஃப்டி) மாற்றவேண்டும். நான் காசு மிச்சம் பிடிக்க ஒருவரிடம் துளை போடக் கொடுத்தேன். அந்த இரும்பின் மேற்தோல்தான் கடினம், உள்ளே மெது. துளைக்கும் அலகு தோலில் வழுக்கிப் பக்கத்துக்குப் போய்விட்டது. தொலைநோக்கி கோணலாக நின்றது. அதைத் திருத்த இன்னொருவர், பிறகு குழல், பிறகு மரம். கடைசியில் புது டிக்கா துவக்கு ஒன்றின் விலையைத் தாண்டிவிட்டேன். அந்தத் துவக்கை இன்னும் விற்க மனமில்லை, அது வேறு கதை.

புதியதுகளில் இந்தத் தலையிடி இல்லை. துளைகள் போட்டே வரும். 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் உடல் உருண்டையானது, கடைசலில் பிடித்து வேலை செய்வது சுலபம். அதன் அளவுக்கே பலர் குழலும் மரமும் விசையும் செய்கிறார்கள். நகம் சின்னது என்பதுதான் என் குறை. சவேஜ் 110இல் குழலை ஒரு நட்டுத்தான் இறுக்கிப் பிடிக்கிறது, ரவை உட்காரும் இடைவெளியை அதற்கென்ற அளவுக் கட்டை வைத்துச் சரிபார்த்தால் மாற்றும் வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் அதை நீர் வீட்டில் செய்யப் போகவேண்டாம். துவக்குத் திருத்துபவர் ஒருவர் பார்த்துக் கொடுக்கட்டும். அந்த இடைவெளி பிழைத்தால் அடி உமது முகத்துக்கு.

அங்கே குழலும் போல்ற்றும் தனித்தனியாகவே பொலிஸ் அனுமதிக்குரிய பொருட்கள். கிழவர் சும்மா தந்தாலும் அனுமதி வரும் வரை கையில் வாங்காதேயும். வேட்டைப் பரீட்சை முடித்துவிட்டீர் என்று நினைக்கிறேன். பெரிய மிருகத்துக்கு வருடாவருடம் சுடும் சோதனையும் இருக்கிறது: 30 பயிற்சிச் சூடு, அப்புறம் 100 மீற்றரில் ஐந்து சூடும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். பெரும்பாலான இடங்களில் செப்ரெம்பர் 25 வேட்டை தொடங்கும். அதற்குள் எந்தக் குழலும் மாற்றி முடியாது, இந்த முறை சும்மா கூடப் போய்ப் பாரும்.

கிழவரின் மௌசரை அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதேயும், அவர் மனம் நோகும். இன்னொரு வருடத்துக்கு அவரிடமே இருக்கட்டும். அடுத்த முறை போகும்போது போல்ற்றின் இலக்கமும் உடலின் இலக்கமும் ஒன்றா, முன்காதுகள் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லி எனக்கு எழுதும்.