சின்ன வெங்காயம்: விலை ஏறும்போது நடலாமா?

கேள்வி: விலை நன்றாக இருக்கிறதே என்று நட்டால், அறுவடையின்போது விழுந்துவிடுகிறது. எப்படிக் கணக்குப் போடுவது?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: சின்ன வெங்காயத்தில் விதையும் விளைச்சலும் ஒரே காய்தான். சந்தை விலை ஏறினால் நடவுச் செலவும் சேர்ந்தே ஏறும். ஏக்கருக்கு 600 கிலோ விதைக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 30 ரூபாய் என்றால் 18,000. 80 ரூபாய் என்றால் 48,000. 6 டன் விளைந்தால், விதைச்செலவு மட்டும் கிலோவுக்கு 3 ரூபாய் அல்லது 8 ரூபாய். ஐப்பசி அடைமழையில், தாள் முறுக்கிச் சுருண்டுபோகும் திருகல் நோய் விழுந்து 3 டன்னாகிவிட்டால், அந்த 8 ரூபாய் 16 ஆகிவிடும். உழவு, களை, மருந்து, ஆள்கூலி எல்லாம் தனி. பயிரோ 70 நாள் பயிர். விலை பார்த்து நட்ட எல்லாருடைய காயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மண்டிக்கு வரும்.

விலை விழுந்த பருவத்தில்தான் அடுத்த நடவுக்கு விதை எடுத்து வைக்க வேண்டும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காயின் கழுத்து சுருங்கிக் காய்ந்தபின் பட்டறை போடுங்கள், அதாவது காயைக் குவித்துச் சேமித்து வையுங்கள். அடியில் கல் வைத்து உயர்த்தி, அகலத்தைக் குறைத்து, நாலு பக்கமும் காற்று புகும்படி விட்டு, மேலே கீற்று மூடுங்கள். ஈரக்கழுத்தோடு ஏற்றினால் நடுப்பகுதி புழுங்கி அழுகும். வெளியே தெரியாது, நாற்றம் வந்தபிறகுதான் தெரியும். மழையில் நனைந்த காயைப் பட்டறையில் ஏற்றவே வேண்டாம். கிடைத்த விலைக்கு உடனே தள்ளிவிடுங்கள்.