மைதானத்தில் நின்றுபோகும் இதயம்: இதய மருத்துவர் பதில்கள்

கட்டுமஸ்தான விளையாட்டு வீரர்கள்கூட திடீரென விழுந்து இறப்பது எப்படி?

உடல் தெம்பு வேறு, இதயத்தின் அமைப்பு வேறு. 35 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பரம்பரையாக வரும் அல்லது பிறவியிலேயே உள்ள கோளாறு: இதயத் தசைத் தடிப்பு, மின்துடிப்பில் பிசகு, இதய ரத்தக்குழாய் தவறான இடத்தில் கிளம்புவது. தசைத் தடிப்பு சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பலருக்கு அது தெரியவே தெரியாது. 2003-ல் லியோனில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு இருந்ததும் அதுதான். 35-ஐத் தாண்டியவர்களுக்கு வழக்கமான ரத்தக்குழாய் அடைப்பே முதல் எதிரி.

15 வயது மகன் ஓடும்போது மயங்கிவிட்டான். வெயில்தான் காரணம் என்கிறார் பயிற்சியாளர்.

ஓடி முடித்து நின்றதும் தலை சுற்றினால் பெரும்பாலும் பயமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பியதா? அப்படியானால் இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து இதய மருத்துவர் பார்க்கும்வரை மைதானப் பக்கமே போகவேண்டாம். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா என்றும் விசாரியுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர் இருந்தால் அவரையும் கணக்கில் சேருங்கள்; அவருக்கும் இதயம்தான் நின்றிருக்கலாம்.

இசிஜி நார்மல். இனி கவலையில்லையா?

பாதிக் கவலை போகும். வீரர்களுக்கு இசிஜி எடுப்பதை இத்தாலி 1982-லேயே கட்டாயமாக்கியது, பலனும் கண்டது. ஆனால் ரத்தக்குழாய் இடம் மாறியிருப்பது அதில் பெரும்பாலும் சிக்காது.

காய்ச்சலோடு விளையாடலாமா?

கூடாது. வைரஸ் இதயத் தசையையும் தாக்கலாம்.

யாராவது கண்ணெதிரே விழுந்தால்?

யாரும் மோதாமலே விழுந்து, கூப்பிட்டும் அசைவில்லை என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று ஏமாறாதீர்கள். விட்டுவிட்டு மூச்சுக்கு ஏங்குவதும் சரியான மூச்சல்ல. தண்ணீர் புகட்டாதீர்கள். ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும், ஒருவர் ஏஇடி கருவியை (இதயத்துக்கு ஷாக் கொடுத்து மீண்டும் துடிக்கவைப்பது) எடுத்துவர ஓடட்டும், நீங்கள் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழம் இறங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும். 2021 யூரோ கோப்பையில் சரிந்த கிறிஸ்டியன் எரிக்சனுக்கு மைதானத்திலேயே இதெல்லாம் நடந்தது. எட்டு மாதத்தில் திரும்ப ஆட வந்தார்.

பயிற்சியில்லாத நான் ஏஇடியைத் தொடலாமா?

தாராளமாக. அதுவே பேசி வழிகாட்டும். தேவையில்லாதவருக்கு ஷாக் கொடுக்காது. உங்கள் விளையாட்டுக் கூடத்தில் கருவி இருந்தால், அது பூட்டிய அறைக்குள் இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.