வரி எண்ணும் கருவி பெயர்களைவிட அதிகமாகக் காட்டுவது ஏன்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக் கோயில் அன்னதானத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து, வரிகளை எண்ணிக் காட்டும் இணையதளம் ஒன்றில் ஒட்டியிருக்கிறீர்கள். ரசீது 118, கருவி காட்டுவது 131. ஏன் என்று கேட்கிறீர்கள்.

கருவிக்குப் பெயர் தெரியாது அண்ணே. என்டர் தட்டிய இடத்தை மட்டும்தான் எண்ணும். நீளமான பெயர் திரையில் மடிந்து இரண்டு வரியாகத் தெரிந்தாலும் அதற்கு ஒரே வரிதான். ஆனால் யாராவது

முனியாண்டி
குடும்பத்தினர் 50 வெள்ளி

என்று தட்டியிருந்தால் அது இரண்டு. லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) லயமாகப் பிரிக்க விட்ட வெற்று வரிகளும் கணக்கில் சேரும். கூடுதலாக வந்த 13-இல் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். வெற்று வரிகளை விலக்கும் வசதி இருந்தால் அதைத் தட்டுங்கள். அப்போதும் குறையாவிட்டால் அந்த வரிகளில் இடைவெளி ஒளிந்திருக்கலாம். சில கருவிகள் அதை வெற்று என்று ஏற்பதில்லை.

கடைசிப் பெயருக்குப் பின் என்டர் இருந்தால் பல தளங்கள் ஒன்று கூட்டிக் காட்டும். லினக்ஸ் கணினியில் வரிகளை எண்ணும் டபிள்யூசி (wc) கட்டளை நேர்மாறு: கடைசியில் என்டர் இல்லையென்றால் ஒன்று குறையும்!

இன்னொன்று, தொலைபேசி எண்களை அழித்துவிட்டு ஒட்டுங்கள். பக்கம் திறந்தபின் இணையத்தைத் துண்டித்தும் எண்ணிக்கை வந்தால் கணக்கு உங்கள் கைபேசியிலோ கணினியிலோதான் நடக்கிறது; வராவிட்டால் பட்டியல் வெளியே போகக்கூடும், வேறு தளம் பாருங்கள்.