சிப் படிப்புக்காக நகையை அடகு வைக்கலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போனிலும் கணினியிலும் தகவலைச் சேமிக்கும் மெமரி சிப் இனி இந்தியாவிலேயே வரப்போகிறது, அதற்கான படிப்பில்தான் சேருவேன் என்கிறாள். ஒரு கல்லூரியில் ‘செமிகண்டக்டர்’ என்று பெயர் வைத்த பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. மகளின் ஆசை நல்ல ஆசை. அந்தத் துறைக்குப் போக நகையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

செய்தியில் எல்லாவற்றையும் ‘சிப் ஆலை’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் மதிப்பில் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் குஜராத்தின் சானந்தில் ஆலை அமைப்பதாக 2023 ஜூனில் சொன்னது. மொத்தம் 275 கோடி டாலர். அதில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கைக் குஜராத் அரசும் ஏற்கின்றன. மகள் படித்த மெமரி சிப் செய்தி பெரும்பாலும் இந்த ஆலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆனால் சிலிக்கானில் மின்சுற்றுகளைப் பதிக்கும் வேலை அங்கே நடப்பதில்லை. அது மைக்ரானின் வெளிநாட்டு ஆலைகளில் முடிந்து, வேஃபர் எனப்படும் வட்டத் தகடாக இங்கே வந்து சேரும். அதை வெட்டி, அடுக்கி, இணைத்து, உறையிட்டு, சோதித்து, கணினியில் பொருத்தும் மெமரி மாட்யூலாகவும், தகவலைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி ஆகவும் ஆக்குவதுதான் சானந்தின் வேலை. குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பிஎஸ்எம்சி என்ற சிப் நிறுவனத்தோடு சேர்ந்து 91,000 கோடி ரூபாயில் கட்டுவது வேஃபரிலேயே சிப் செய்யும் ஆலை. அதற்குச் சொல்லப்பட்டிருப்பவை மின்சார மேலாண்மை, டிஸ்ப்ளே இயக்கம் போன்றவற்றுக்கான சிப்கள். மெமரி அந்தப் பட்டியலில் இல்லை. அசாமின் ஜாகிரோடில் வருவது, சானந்தைப் போலவே சிப்பை உறையிட்டுச் சோதிக்கும் பேக்கேஜிங் ஆலை.

இதை இவ்வளவு விளக்கக் காரணம், ஆலை எதுவோ அதற்கேற்பத்தான் வேலையும் இருக்கும். சானந்தில் என்ன நடக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபர் முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் வரும். அதன் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒரு தலைமுடி அளவுக்கு மெல்லியதாக்க வேண்டும். பிறகு வைரத்தூள் பதித்த சக்கரத்தாலோ லேசராலோ துண்டு துண்டாக வெட்டுவார்கள். துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, பிசினால் மூடுவார்கள். அப்புறம் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதிப்பார்கள். ஒரு நாள் திடீரென நூற்றில் இரண்டு சிப் விரிசலோடு வெளியே வரும். சக்கரம் தேய்ந்துவிட்டதா, ஒட்டும் நாடாவில் கோளாறா, பிசின் ஆறும்போது இழுக்கிறதா? அதைக் கண்டுபிடிப்பவர்தான் அங்கே பொறியாளர். இதற்கு இயற்பியல் வேண்டும், வேதியியல் வேண்டும், இயந்திர அறிவு வேண்டும். எல்லாவற்றையும்விடப் புள்ளியியல் வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் ஒதுக்கித் தள்ளும் பாடமும் அதுதான்.

ஆகவே எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு மட்டுமே அங்கே இடம் என்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், கெமிக்கல், மெட்டீரியல்ஸ் என நாலைந்து பிரிவிலிருந்தும் போகலாம். உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: கவுன்சலிங்கில் தன் கட்ஆஃபுக்குக் கிடைக்கும் மிக நல்ல கல்லூரியில் இசிஇ, ட்ரிபிள்இ, இல்லையென்றால் மெக்கானிக்கல் எடுக்கட்டும். பிரிவின் பெயரைப் பார்க்காமல் கல்லூரியின் தரத்தையே பாருங்கள். தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ, 2023இல் விஎல்எஸ்ஐ எனப்படும் சிப் வடிவமைப்புக்கென ஒரு பி.டெக். பாடத்திட்டமும், சிப் உற்பத்திக்கென ஒரு டிப்ளமோ பாடத்திட்டமும் கொடுத்தது உண்மைதான். நல்ல ஆசிரியர்களும் ஆய்வகமும் உள்ள இடத்தில் அவை நல்ல படிப்புகளே. நீங்கள் சொன்ன கல்லூரிக்குப் போனால் அந்தப் பிரிவில் பாடம் எடுப்பவர் யார், இதற்கு முன் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வாருங்கள் என்றால் அந்த நாளைக்கு நீங்கள் போக வேண்டாம்.

விஎல்எஸ்ஐ வடிவமைப்பு என்பது கணினி முன் உட்கார்ந்து சிப்பின் மின்சுற்றை வரையும் வேலை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பல வருடங்களாக இருக்கிறது. மைக்ரானுக்கே ஹைதராபாத்தில் பொறியியல் மையம் உண்டு. மகளுக்கு அதில் ஆர்வம் என்றால் ஆலை வருகிறதா இல்லையா என்ற கவலையே வேண்டாம். ஆனால் அவளுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கே இன்னும் தெரியாது. பதினேழு வயதில் தெரிய வேண்டியதும் இல்லை. டிராம் என்ற வகை மெமரி சிப்பில், தகவலின் மிகச்சிறிய அலகான ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச்சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கும். அது ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதால் வழக்கமாக 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்பியாக வேண்டும். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். ‘அதை எப்படிச் செய்கிறார்கள்?’ என்று கேட்டால் வடிவமைப்பு ஒரு வழி. ‘ஏன் ஒழுகுகிறது?’ என்று கேட்டால் ஆலை இன்னொரு வழி. இரண்டாவது கேள்வி கேட்கும் பிள்ளை ஆலைக்குப் பொருத்தமானவள் என்பது என் அனுபவம்.

ஒருவேளை கட்ஆஃப் குறைந்தால் டிப்ளமோவைத் தாழ்வாக நினைக்காதீர்கள். இந்த ஆலைகளில் இயந்திரத்தைப் பழுதுபார்த்து ஓடவிடும் டெக்னீஷியன் இல்லாமல் ஒரு ஷிப்ட் கூட நடக்காது. அங்கிருந்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ.யும் சேரலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெமரி சிப் தொழில் அலைபோல ஏறி இறங்கும். யார் செய்தாலும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சரக்கு தேங்கினால் விலை சரிந்துவிடும். ஜெர்மனியின் கிமோண்டா என்ற மெமரி நிறுவனம் 2009இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா நிறுவனம் 2012இல் திவாலாகி, மறு வருடம் மைக்ரான் கைக்குப் போனது. அந்த மைக்ரானே 2022 டிசம்பரில் சுமார் பத்து சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. பிறகு செயற்கை நுண்ணறிவுக்கான மெமரிக்குப் பெரிய கிராக்கி வந்தது. மகள் படித்து முடிக்க நான்கு வருடம் ஆகும். அப்போது அலை மேலே இருக்குமா கீழே இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே தொழிலின் பெயரைப் பட்டத்தில் குத்திக்கொள்ள வேண்டாம் என்கிறேன். இசிஇ படித்தவள் மந்தமான வருடத்தில் வாகன எலக்ட்ரானிக்ஸுக்கோ மருத்துவக் கருவிகளுக்கோ போகலாம், பிறகு திரும்பியும் வரலாம்.

குஜராத் தூரம், இரவு ஷிப்ட் என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயம்தான். இந்த ஆலைகள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும், ஷிப்ட் நிச்சயம் வரும். தலை முதல் கால் வரை மூடிய உடையில், முகத்தில் பவுடர்கூடப் போடாமல் பல மணி நேரம் நிற்க வேண்டும். இதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட் பார்க்கிறார்கள். அப்படி வேலை செய்யும் ஒரு பெண்ணோடு மகளை அரை மணி நேரம் பேசவிடுங்கள். நீங்களும் கூட இருங்கள்.

சரி, இப்போதைக்கு அந்தக் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். ‘இன்றே கட்டினால்தான் இடம்’ என்று போன் வந்தாலும் கட்டாதீர்கள். தரவரிசை வந்ததும் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். விருப்பப் பட்டியலை மூன்று பேரும் உட்கார்ந்து போடலாம். வரும்போது அவளுடைய பிளஸ் டூ கணக்கு நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.