இனி அந்த வீட்டை ஆர் பார்க்கிறது?

வணக்கம் அண்ணா,

போன ஞாயிறு நண்பர்களோடு ஒரு படம் பார்த்தேன். முதல் 20 நிமிடத்துக்குள் நாயகனின் குடும்பத்தையே வெட்டிச் சாய்க்கிறார்கள், பிறகு இரண்டு மணித்தியாலம் அவர் வெட்டுகிறார். பக்கத்தில் விசில் பறந்தது, எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. நீங்கள் ‘அசுரன்’ படத்தை எங்கே பேசினாலும் தூக்கிப் பிடிக்கிறீர்கள். அதிலும் வெட்டுக்குத்துத்தானே, என்ன வித்தியாசம்? யுத்தத்தில் இவ்வளவையும் கண்ட எங்கள் சனம் எப்படி இதற்கெல்லாம் விசிலடிக்கிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

தம்பி,

விசிலடித்தவர்களை விடும், நானும் அடித்தவன்தான். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் சாமத்திய வீடென்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓடுவார்கள். மூன்றாவது கட்டாயம் பழிவாங்கும் படம், அந்நேரத்து நித்திரையை விரட்ட அதுதான் சரி. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தை நான் பார்த்ததும் அப்படித்தான். கடைசியில் கமல் பொலிசோடு ரயிலேறிப் போகிறார், பெடியள் எல்லாம் தொண்டை அடைத்துப்போய் இருக்க, பாயில் சரிந்திருந்த அம்மம்மா மட்டும் ‘இனி அந்த வீட்டை ஆர் பார்க்கிறது?’ என்று கேட்டா. எங்களுக்குச் சிரிப்பு. எந்தப் படம் போட்டாலும் அவவுக்கு இதே கேள்விதான்.

நீர் பார்த்த படத்தில் அப்படிக் கேட்கவே வழியில்லை, அங்கே பார்க்க வீடே இல்லையே. குடும்பம் வருவதே சாகத்தான். அம்மா சோறு ஊட்டுவா, தங்கச்சி கொலுசோடு ஓடுவா, ஒரு பாட்டு, அப்புறம் நாயகனுக்கு வெட்டுவதற்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். இழக்க ஒன்றுமில்லாதவன் சண்டைக்குப் போனால் நமக்கு என்ன பதற்றம்?

வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) வேறு. அதில் குடும்பம் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மூத்த மகனைக் கொன்றுவிட்டார்கள், அதற்குக் காரணமானவனை இளையவன் சிதம்பரம் கொன்றுவிட்டான், இனி தகப்பன் சிவசாமிக்கு உள்ள ஒரே வேலை மிஞ்சியிருக்கிற மகனைச் சாகவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தனுஷ் ஆயுதத்தைத் தூக்கும்போது நானும் கதிரையை விட்டு எழும்பினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வயிற்றைப் பிசைந்தது வேறொரு இடம்: கொலைக்கு முதல், பொலிஸ் உள்ளே பிடித்து வைத்த மூத்தவனை மீட்க அந்த மனிதர் எதிர்த்தரப்பு ஊரில் ஒவ்வொரு ஆணின் காலிலும் போய் விழுகிறார். ஒரு அடிதடிப் படத்தில் அடியே விழாத காட்சி அது.

குறையும் உண்டு. பிளாஷ்பேக் எனக்கு நீளம். குடிசைகள் எரியும் காட்சி 1968இல் கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டதை ஞாபகப்படுத்துகிறது, அதன் கனம் வேறு, ஆனால் அதற்குப் பிறகு சிவசாமி கொஞ்சநேரம் வழக்கமான சினிமாக் கதாநாயகனாகவே ஆகிவிடுகிறார்.

கடைசியாகக் கேட்டீரே, எங்கள் சனம் எப்படி விசிலடிக்கிறது என்று. நான் யோசித்த மட்டில், படத்தில் கொன்றவனுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கேற் போட்ட பெரிய வீடு இருக்கிறது, நாயகன் நேரே அங்கே போய்க் கதவை உதைக்கலாம். இங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக வீதியோரத்தில் இருக்கிற தாய்மாருக்கு, யாரிடம் கேட்பது என்பதே தெரியாது. அவர்களுடைய மற்றப் பிள்ளைகள் தியேட்டரில் அந்தக் கதவு உடைகிறபோது கத்தினால் நான் குறை சொல்லமாட்டேன். அம்மம்மாவும் அந்த இடத்தில் மட்டும் எழும்பி இருந்து பார்ப்பா.

‘அசுர’னுக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’யைத் தேடிப் பிடித்து வாசியும், 1982இல் வந்த நாவல், தகப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிறதுதான் பெரும்பகுதி. என்னுடைய பிரதியைத் தரலாம் என்று பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முதல் ‘ரெண்டு நாளில் தாறன்’ என்று வாங்கிக்கொண்டு போனவர் இதை வாசிப்பார், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.