இரவில் நிறுத்திய காரின் பின்பக்கம் காலையில் இறங்கிக் கிடக்கிறது. ஏர் சஸ்பென்ஷனில் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) காற்று எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டேப்பை எடுங்கள். இரவில் சக்கர நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள், காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் காற்றுப் பையோ குழாயோதான். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கையும் சந்தேகப்படலாம்.

அப்புறம் நம்ம பஞ்சர் கடை வித்தைதான்: சோப்புத் தண்ணீர். வண்டி முழு உயரத்தில் நிற்கும்போது பையின் கீழ் மடிப்பில் நன்றாக அடியுங்கள். ரப்பர் உருண்டு மடிவது அங்கேதான், மணலும் சேரும், வெடிப்பும் அங்கேதான் விழும். நுண்ணிய நுரை மெல்லப் பூத்து வரும். அவசரப்படாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

குழாய் இணைப்பையும் விடாதீர்கள். என் வண்டிக்குப் பையையே மாற்றச் சொன்னார்கள். கசிந்ததோ கீறல் விழுந்த குழாய் முனை. காற்றை இறக்கிவிட்டு, புது பிளேடால் முனையை நேராக ஒரு சென்டிமீட்டர் நறுக்கிச் செருகியதோடு சரி.

வெடித்த பைக்கு ஒட்டு போடுவது வீண், மாற்றத்தான் வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழையது மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் ரப்பருக்கு வயது உண்டு; நான் வாங்க மாட்டேன். தள்ளிப்போடவும் வேண்டாம்: கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் சூடேறிக் கருகினால் செலவு இரட்டிப்பு.