மின்சாரம் வந்து வந்து போனபின் ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது, 'டக்' என்கிறது, நின்றுவிடுகிறது. டிஸ்க் போய்விட்டதா? குன்னூரின் உயரம் காரணமாக இருக்குமா?

போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஆனால் இப்போதிருக்கும் பவர் சப்ளையில் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) டிஸ்க்கை இனி ஒருமுறைகூட மாட்டாதீர்கள்.

நான் கோத்தகிரியில் கணினி பழுது பார்க்கிறேன். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுவது இங்கே வழக்கம். அதிலும் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, அறுந்தால்தான் பெரிய சேதம்; 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 300க்கு மேலும் ஏறிவிடும். அப்படியொரு மாலையில் பல்பு கண் கூசும்படி எரிந்து கணினி அணைந்துவிட்டதென்று, பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் தம்பி ஒருவர் ஓடி வந்தார். விவசாயிகளின் அந்த மாத இலைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. "அண்ணா, நான் யாருக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

புதிய பவர் சப்ளை மாட்டினேன். மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. டிஸ்க்கின் மின்கம்பியை உருவியதும் கணினி ஒழுங்காக ஓடியது. டிஸ்க்கில் ஷார்ட் என்று தெரிந்ததும் எனக்கு நம்பிக்கைதான் வந்தது. 3.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலும் மின் இணைப்புக்கு அருகிலேயே 12 வோல்ட்டுக்கு ஒன்றும் 5 வோல்ட்டுக்கு ஒன்றுமாகக் காப்பு டையோடுகள் இருக்கும். கறுப்பு உளுந்தளவுதான். மின்னழுத்தம் எல்லை மீறினால் தாங்கள் ஷார்ட் ஆகி, பின்னால் இருக்கும் சிப்புகளைக் காப்பாற்றும். மல்டிமீட்டரை வைத்தேன், 12 வோல்ட் டையோடு பூஜ்ய ஓம் காட்டி விடாமல் ஒலித்தது. அதை எடுத்ததும் டிஸ்க் சுற்றியது. கணக்கு முழுவதையும் நகலெடுத்தோம். காப்பு இல்லாத அந்த டிஸ்க்கை அதன்பின் பயன்படுத்தவில்லை.

உங்கள் டிஸ்க் சுற்றுகிறது என்பதால் சிக்கல் வேறு. சுழலத் தொடங்கும் நொடியில்தான் அது அதிக மின்சாரம் இழுக்கும். தளர்ந்த பவர் சப்ளை அப்போது துவண்டுவிடும். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை வோல்ட் இருக்க வேண்டும். டிஸ்க் ஓய்ந்திருக்கும்போது சரியாகக் காட்டும் அளவை நம்பாதீர்கள். வேறொரு நல்ல பவர் சப்ளையையும் கேபிளையும் மாட்டி, சுழலத் தொடங்கும்போதே அளந்து பாருங்கள்.

நல்ல பவர் சப்ளையிலும் 'டக் டக்' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஹெட் (டிஸ்க்கின் உள்தட்டில் எழுதிப் படிக்கும் முனை) பழுதாகியிருக்கக்கூடும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தட்டில் கீறல் விழலாம். தரவு மீட்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். அதே மாடல் சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்பார்கள். இன்றைய டிஸ்க்குகளில் அது பெரும்பாலும் பலிக்காது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதன் போர்டில் இருக்கும் ஒரு நிரந்தர நினைவகச் சிப்பில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து வைக்க வேண்டும்.

கணினியில் டிஸ்க் தெரிந்துவிட்டால் முதல் வேலை நகலெடுப்பது. அதற்குமுன் பழுது நீக்கும் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள்: 5, 197 என்று எண்ணிட்ட வரிகளில் கணக்கு ஏறினால் தட்டில் கோளாறு, 199ஆம் வரியில் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை இயங்கும். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். மஞ்சள் கம்பியில் என்ன அளவு வந்ததென்று எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.